பார்சருக்கும் ட்ரீக்கும் நடுவுல எவ்வளவு பெரிய இன்டர்ஃபேஸ் வேணும்?

கொட்டாஞ்சேனைப்பெடியன்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீட்டித்தான் எழுதோணும், பொறுத்துக்கொள்ளுங்கோ. ஒஃபிஸ்ல பில்லிங்குக்கு எண்டு ஒரு சின்ன ரூல் லாங்குவேஜ் ஓடுது. பார்சர், அதாவது ரூல் டெக்ஸ்ட்ட வாசிச்சு ட்ரீயாப் பிரிக்கிற பகுதி, ஜாவால கையால எழுதின ரிகர்சிவ் டிசென்ட் (ஒவ்வொரு கிராமர் விதிக்கும் ஒரு ஃபங்ஷன்), ஒவ்வொரு ஃபங்ஷனும் தன்ர நோட் ஒப்ஜெக்ட்ட தானே கட்டி ரிட்டர்ன் பண்ணும். இவ்வளவு நாளும் அந்த ட்ரீய பாவிச்சது ரூல ஓட்டுற இன்டர்பிரெட்டர் மட்டும்தான், அதால ஒரு கரைச்சலும் இல்லை. இப்ப கோட்ட ஒழுங்கா அடுக்கித் தாற ஃபோர்மட்டர் ஒண்டு வேணுமாம், விஎஸ் கோட்ல ஒட்டோ கம்ப்ளீட் வேணுமாம், ஓடிட் ஆக்களுக்கு எந்த ரூல் எந்த டேபிளத் தொடுதெண்டு ரிப்போர்ட் வேணுமாம். ஃபோர்மட்டருக்கு கொமென்ட், வெறும் லைன் எல்லாம் இருக்கோணும், இன்டர்பிரெட்டருக்கு பிரக்கெட் கூடத் தேவையில்லை, ஒட்டோ கம்ப்ளீட்டுக்கு அரைகுறையா டைப் பண்ணின ஃபைலும் ட்ரீயா வரோணும்.

அதால ட்ரீ எண்டு ஒரு அப்ஸ்ட்ராக்ட் இன்டர்ஃபேஸ் போட்டு பார்சர் அத மட்டும் பாக்கட்டும், யாருக்கு எப்பிடி ட்ரீ வேணுமோ அவை அப்பிடி இம்ப்ளிமென்ட் பண்ணட்டும் எண்டு யோசிச்சன். சைல்ட் சேர், சைல்ட் எடு, சைல்ட மாத்து, பேரன்ட், அட்ரிபியூட் வை, விசிட்டருக்குக் குடு, கொப்பி எடு, ஒப்பிட்டுப் பார் எண்டு எழுத எழுத மெதட் இருபதைத் தாண்டிட்டுது. இது சரியான வழியா, இல்லாட்டி ஆரம்பத்திலயே வேற மாதிரி யோசிக்கோணுமா?

மழைக்கோட்

விசிட்டர் பெட்டர்ன் போடுங்க மச்சான், முடிஞ்சுது.

அரைப்புள்ளி

விசிட்டர், அதாவது ஒவ்வொரு நோட்டுக்கும் போய் அதுக்குரிய ஃபங்ஷனக் கூப்பிடுறது, ட்ரீய வாசிக்கிற பக்கத்து விஷயம், அவர் கேக்கிறதுல பாதி கட்டுற பக்கத்து விஷயம். தம்பி, உங்கட இருபது மெதட்டும் அங்கதான் சிக்குப்படுது எண்டு நினைக்கிறன். பார்சருக்கு ட்ரீய வாசிக்க ஒரு தேவையும் இல்லை. "இங்க ஒண்டு தொடங்குது, இந்த டோக்கன் அதுக்குள்ள, இங்க முடியுது" எண்டு சொன்னாக் காணும் (டோக்கன் எண்டா எண், குறி, பேர் மாதிரி ஒரு சின்னத் துண்டு). ஃபோர்மட்டருக்கு ட்ரீ கட்டத் தேவையில்லை, நடந்து பாத்தாக் காணும். ரெண்டையும் ஒரே இன்டர்ஃபேஸ்ல போட்டா ரெண்டு பக்கமும் மற்றவன்ர மெதட்ட சும்மா காவிக்கொண்டு திரியும்.

நீங்க கீறின சாமான் ஏற்கெனவே ஒருக்கா உலகத்தில இருந்தது. பார்சர உண்டாக்கித் தாற ஆன்ட்லர் எண்ட டூலின்ர 3ஆவது வேர்ஷன்ல ட்ரீ அடப்டர் எண்டு ஒரு இன்டர்ஃபேஸ், நோட் கட்டு, கொப்பி எடு, சைல்ட் சேர், இத ரூட் ஆக்கு, டைப் எடு, டைப் வை, டெக்ஸ்ட் எடு, டெக்ஸ்ட் வை, பேரன்ட் வை... அப்பிடியே உங்கட லிஸ்ட். எந்த நோட் கிளாஸையும் கொண்டுவந்து கொழுவலாம் எண்டதுதான் நோக்கம். 2013 இல ஆன்ட்லர் 4 வரேக்க ஏஎஸ்டி (தேவையில்லாத குறிகள விட்டுச் சுருக்கின ட்ரீ) கட்டுற ரீரைட் ரூல், ட்ரீ கிராமர் எல்லாத்தையும் அத எழுதின டெரன்ஸ் பார் தூக்கிட்டார். பார்ஸ் ட்ரீய டூலே ஒட்டோவா கட்டித் தரும், நீங்க லிசனரோ விசிட்டரோ வச்சு நடந்து பாருங்கோ, அவ்வளவுதான்.

நான் என்ன செய்வன் எண்டா, பார்சர் ட்ரீயே கட்டாது, ஈவென்ட் லிஸ்ட் ஒண்டு மட்டும் கக்கும். 1 + 2 * 3 க்கு இப்பிடி:

தொடங்கு கூட்டல்
— டோக்கன் 1
— டோக்கன் +
— தொடங்கு பெருக்கல்
—— டோக்கன் 2
—— டோக்கன் *
—— டோக்கன் 3
— முடி
முடி

கட்டுற பக்கத்து இன்டர்ஃபேஸ் இந்த மூண்டும், கூட எரர் எண்டு ஒண்டும். நாலு மெதட். ரஸ்ட் லாங்குவேஜுக்கு எடிட்டர் உதவி குடுக்கிற ரஸ்ட் அனலைசர் இப்பிடித்தான் செய்யுது, அதுக்குள்ள இருக்கிற பார்சருக்கு ட்ரீ எப்பிடி இருக்கும் எண்டே தெரியாது. டெஸ்ட் எழுதவும் சுகம், ஈவென்ட் லிஸ்ட டெக்ஸ்டா பிரின்ட் பண்ணி ஒப்பிட்டாச் சரி.

கொட்டாஞ்சேனைப்பெடியன்

அண்ணை, இது பிடிச்சிருக்கு, ஆனா ஒரு இடத்தில இடிக்குது. 1 ஐ வாசிக்கேக்க அது தனி எண்ணா, கூட்டலின்ர இடப்பக்கமா எண்டு எனக்குத் தெரியாது, + ஐக் கண்ட பிறகுதான் தெரியும். அதுக்குள்ள 1 க்கு ஈவென்ட் போயிட்டுதே? பழைய முறையில இடப்பக்கத்த ஒரு வேரியபிள்ல வச்சிருந்து பிறகு கூட்டல் நோட்டுக்குள்ள போடுவன், இதில அது ஏலாதே.

அரைப்புள்ளி

எல்லாரும் முட்டுற இடம் அது, ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, லிஸ்ட் கையிலதானே இருக்கு, இன்னும் ட்ரீ ஆகேல்லத்தானே. அதால ஏற்கெனவே போட்ட தொடங்கு ஈவென்ட்டுக்குள்ள "என்ர பேரன்ட் இன்னும் இத்தனை இடம் தள்ளி வருவார்" எண்டு ஒரு நம்பர எழுதி வச்சிட்டு, கூட்டலின்ர தொடங்கு ஈவென்ட்ட பிறகு போடுறது. லிஸ்ட்ட ட்ரீயா மாத்திற கோட் அந்த நம்பரப் பாத்து பேரன்ட்ட முதல்ல திறக்கும். ரஸ்ட் அனலைசர் வழி இது.

மற்றது செக்பொயின்ட். பில்டர் இதுவரைக்கும் சேத்த சைல்ட் எல்லாத்தையும் ஒரு நேர் லிஸ்ட்ல வச்சிருக்கும். இடப்பக்கத்த வாசிக்க முதல் லிஸ்ட் எவ்வளவு நீளம் எண்டு குறிச்சுக்கொள்ளுறது, + வந்தா "அந்த இடத்தில இருந்து ஒரு கூட்டல் நோட்டத் தொடங்கு" எண்டு சொல்லுறது. ரஸ்ட் அனலைசர் பாவிக்கிற ரோவன் எண்ட ட்ரீ லைப்ரரியில இருக்கிறது இது. பார்சர்ல ஒரு இன்ட் வேரியபிள், அவ்வளவுதான் செலவு. 1 + 2 + 3 எண்டா அதே செக்பொயின்ட்ட திரும்பத் திரும்பப் பாவிக்க இடப்பக்கமாவே கட்டுப்படும். உங்களுக்கு ரெண்டாவது காணும் எண்டு நினைக்கிறன்.

100ஆம்_நம்பர்_பஸ்

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசப்போறேன், கோவிக்காதீங்க. ஒரு பில்லிங் ரூல் லாங்குவேஜுக்கு ஈவென்ட் லிஸ்ட், செக்பொயின்ட், பில்டர்னு போனா அடுத்த வருஷம் இவர் வேலைய விட்டுட்டுப் போனா யார் இத பாத்துக்கிறது? ஜாவா 17லயே சீல்ட் இன்டர்ஃபேஸ் (இன்னின்ன கிளாஸ் மட்டும்தான் இத இம்ப்ளிமென்ட் பண்ணலாம்னு மூடி வைக்கிறது) வந்திடுச்சு, 21ல சுவிட்ச்ல பெட்டர்ன் மெச்சிங்கும் வந்திடுச்சு, ரெக்கோர்ட் வச்சு நோட் எழுதினா எக்ஸ்ப்ரெஷன், கூட்டல், பெருக்கல், எண்னு ஒவ்வொன்னும் ஒரு லைன். சுவிட்ச்ல ஒரு கேஸ விட்டுட்டா கம்பைலரே கத்தும். விசிட்டரும் வேணாம், அப்ஸ்ட்ராக்ட் ட்ரீயும் வேணாம்.

1998ல ஃபிலிப் வாட்லர் எக்ஸ்ப்ரெஷன் ப்ரோப்ளம்னு பேர் வச்சு எழுதின சங்கதிதான் இது: புது நோட் டைப் சேக்கிறது லேசா இருக்கனுமா, புது ஒப்பரேஷன் சேக்கிறது லேசா இருக்கனுமா, சும்மா ரெண்டும் கிடைக்காது. இவர் கேஸ்ல கிராமர் எப்பயாவதுதான் மாறும், டூல்தான் மூனாயிடுச்சு. அப்ப டைப்ப மூடி வச்சிட்டு ஒப்பரேஷன வெளிய எழுதுறதுதான் கணக்கு. இந்த ஜெனரிக் நோட்ல "3ஆவது சைல்ட எடு"ன்னு எழுதி வச்சா கிராமர்ல ஒரு கமா கூடினாக்கூட எல்லாம் இடம் மாறிடும், அத எந்த கம்பைலரும் சொல்லாது.

வெள்ளவத்தை_அலை

ரெண்டு பேரும் சொல்லுறது சரி, ஆனா ரெண்டு பேரும் வேற வேற மாடியில நிண்டு கதைக்கிறீங்கள். கீழ் மாடியில எந்த எழுத்தும் துலையாத ட்ரீ, மேல அதுக்கு டைப் போட்ட மெல்லிய போர்வை. தம்பி ஜாவா எண்டபடியா தூரப் போகத் தேவையில்லை, எங்கட கொழும்பில செய்த பலரினா லாங்குவேஜின்ர கம்பைலர் சோர்ஸ் முழுக்கத் திறந்து கிடக்கு, போய் வாசியும். முதல் ஆன்ட்லர் 4 கிராமர் வச்சிருந்தவை, பிறகு கையால எழுதின ரிகர்சிவ் டிசென்ட் பார்சருக்கு மாறினவை. அதில ட்ரீ ரெண்டு அடுக்கு. உள்ளுக்கு எஸ்டி நோட் எண்டு ஒரு கிளாஸ் குடும்பம், அதில பேரன்ட் இல்லை, ஃபைல்ல எந்த இடம் எண்டும் இல்லை, தன்ர அகலம் மட்டும் தெரியும். வெளியில நோட் எண்டு இன்னொரு குடும்பம், அதுக்கு பேரன்டும் தெரியும் இடமும் தெரியும், கேக்கேக்கதான் உள் நோட்டுக்கு மேல அத உண்டாக்குவினம், முழு ட்ரீக்கும் முதல்லயே கட்டி வைக்கிறேல்லை.

இது ரொஸ்லின்ல இருந்து வந்த யோசனை, மைக்ரோசொஃப்ட் 2014 இல சோர்ஸ் திறந்துவிட்ட சி ஷார்ப் கம்பைலர். அங்க கிரீன் ட்ரீ, ரெட் ட்ரீ எண்டுவினம். டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில படிச்ச ரெட் பிளாக் ட்ரீக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை, வைட் போர்ட்ல கீறின மார்க்கரின்ர கலர் அது.

ஏன் அகலம் மட்டும்? நீர் முதல் லைன்ல ஒரு எழுத்துச் சேத்தீர் எண்டு வையும். நோட்டுக்குள்ள ஃபைலின்ர எத்தனையாவது இடம் எண்டு எழுதி வச்சிருந்தா, அந்த எழுத்துக்குப் பிறகு வாற ஒவ்வொரு நோட்டும் பிழையாப் போயிடும், எல்லாத்தையும் திருப்பிக் கட்டோணும். அகலம் மட்டும் எண்டா மாறின நோட், அதின்ர பேரன்ட், அதின்ர பேரன்ட் எண்டு ரூட் வரைக்கும் போற ஒரு வழி மட்டும் புதுசு, மிச்சத்த அப்பிடியே எடுத்துப் பாவிக்கலாம். பேரன்ட் பொயின்டர் இல்லாதபடியா ஒரே நோட்ட ரெண்டு இடத்தில வைக்கவும் ஏலும். உம்மட "சைல்ட மாத்து", "பேரன்ட் வை" எல்லாம் இதோட அடிபட்டுப் போயிடும், ஏனெண்டா ட்ரீ மாறவே மாறாது.

பஸ் சொன்ன "3ஆவது சைல்ட்" பயத்துக்கு மேல் மாடிதான் மருந்து. கூட்டல் எண்டு ஒரு கிளாஸ், உள்ளுக்கு ஒரேயொரு ஃபீல்ட், கீழ இருக்கிற நோட். இடப்பக்கம், ஒப்பரேட்டர், வலப்பக்கம் எண்டு மெதட்டுகள், நம்பர் எல்லாம் அந்த ஒரு ஃபைலுக்குள்ள அடங்கிடும். அந்தக் கிளாஸுகளக் கையால எழுதத் தேவையில்லை, கிராமர ஒரு ஜேசன் ஃபைல்ல எழுதி ஒரு சின்ன புரோகிராமால உண்டாக்கலாம், பலரினாக்காரரும் அப்பிடித்தான் செய்யினம்.

தெமட்டகொட_நைட்ஷிஃப்ட்

கொமென்ட் எங்க ஒட்டும்? ஒருத்தரும் அத சொல்லல்லையே. ஃபோர்மட்டர்ல உயிர் போறது அங்கதான்.

வெள்ளவத்தை_அலை

ஓம், அது தனிக் கதை. ரொஸ்லின் விதி: ஒரு டோக்கனுக்குப் பிறகு அந்த லைன் முடியிற வரைக்கும் இருக்கிற ஸ்பேஸ், கொமென்ட் எல்லாம் அந்த டோக்கனின்ர வால், அடுத்த லைன்ல இருந்து வாறதெல்லாம் அடுத்த டோக்கனின்ர தலை. பலரினாவிலயும் டோக்கனுக்குத் தலையும் வாலும் இருக்கு. ரஸ்ட் அனலைசர்ல ஒட்டுறதே இல்லை, ஸ்பேஸும் கொமென்டும் மற்ற டோக்கன் மாதிரியே ட்ரீக்குள்ள பக்கத்தில பக்கத்தில இருக்கும், ஒரு ஃபங்ஷனுக்கு மேல ஒட்டி எழுதின கொமென்ட்ட மட்டும் அந்த ஃபங்ஷனுக்குள்ள இழுத்து விடுவினம்.

எனக்குப் பிடிச்சது முதலாவது. ஃபோர்மட்டர் எழுதேக்க "இந்த லைன்ர கொமென்ட் ஆற்ற?" எண்ட கேள்விக்கு விடை ஏற்கெனவே இருக்கும். பார்சரும் ஸ்பேஸப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, எழுத்த டோக்கனா வெட்டுற லெக்சரே ஒட்டி அனுப்பும். ஆனா ஒரு ஸ்டேட்மென்ட்ட எடுத்து வேற இடத்தில வைக்கேக்க தலையில இருக்கிற கொமென்டும் சேந்து போகும், சில நேரம் அது முழு ஃபைலுக்கும் எழுதின லைசன்ஸ் கொமென்டா இருக்கும். அதுக்கு ஒரு விதியும் இல்லை, கேஸ் கேஸாப் பாக்கோணும்.

100ஆம்_நம்பர்_பஸ்

சரி அக்கா, ரெண்டு அடுக்குன்னா ஒத்துக்கிறேன். ஆனா மேல் அடுக்குல இடப்பக்கம்னு கேக்கும்போது ஆள் இன்னும் டைப் பண்ணவே இல்லன்னா என்ன வரும்? நல்லா யோசிக்க வேண்டிய இடம் இதுதான்னு நினைக்கிறேன், ஏன்னா எடிட்டர்ல ஃபைல் முக்கால்வாசி நேரம் பிழையாத்தான் இருக்கும். இன்டர்பிரெட்டருக்கு எழுதினவன் நல்லா வந்த ட்ரீய மட்டும் பாத்துப் பழகியிருப்பான்.

அரைப்புள்ளி

ரெண்டு கட்சி. ரொஸ்லின், பலரினா கட்சி: காணாத டோக்கன பார்சரே போடும், அகலம் 0, "நான் காணாமப் போன ஆள்" எண்டு ஒரு கொடி. அதால இடப்பக்கம் ஒருக்காலும் வெறுமையா (நல்) வராது, டூல் எழுதுறவன் கொடியப் பாக்க மறந்தாலும் கிராஷ் ஆகாது, பிழையான பதில் வரும். ரஸ்ட் அனலைசர் கட்சி: இருந்தா இருக்கும், இல்லாட்டி இல்லை, ஒவ்வொரு மெதட்டும் ஒப்ஷன் திருப்பும். எழுதுறவனுக்கு எரிச்சல், ஆனா மறக்க விடாது. எடிட்டர்களுக்கெண்டு செய்த ட்ரீ சிட்டர் எண்ட பார்சர் டூல் கொஞ்சம் நடுவுல, காணாத டோக்கனுக்கு மிஸ்ஸிங் நோட், விளங்காத பகுதிக்கு எரர் நோட் எண்டு போடும்.

ஜாவால ஒவ்வொரு மெதட்டும் ஒப்ஷனல் திருப்பினா கோட் பாக்கச் சகிக்காது. இவருக்கு அகலம் 0 டோக்கன்தான் எண்டு நான் சொல்லுவன். கூட ஒண்டு: பார்சருக்கு விளங்காத டோக்கன எறியக்கூடாது, எரர் எண்டு ஒரு நோட்டுக்குள்ளயோ தலை வாலுக்குள்ளயோ போட்டு வைக்கோணும். அப்பத்தான் ட்ரீய பிரின்ட் பண்ணினா மூலம் எழுத்துக்கு எழுத்து வரும். முதல் டெஸ்டே அதுதான்: இருக்கிற ரூல் ஃபைல் எல்லாத்தையும் ஒவ்வொரு எழுத்தில வெட்டி வெட்டிக் குடுங்கோ, பார்சர் எக்செப்ஷன் எறியாமலும் இருக்கோணும், பிரின்ட் பண்ணினா வெட்டின துண்டு அப்பிடியே வரவும் வேணும்.

தெமட்டகொட_நைட்ஷிஃப்ட்

அகலம் அகலம் என்டு சொல்றீங்களே, எதில அளக்கிற? எங்கட ஆக்கள் கொமென்ட் தமிழ்லயும் சிங்களத்திலயும் எழுதுவாங்க. கொழும்பு என்டு ஒரு ஸ்ட்ரிங் போட்டா கண்ணுக்கு 4 எழுத்து, யூனிகோட்ல 8, யூடிஎஃப்-8 பைட்ல 24. அதுலயும் கொ வில வார குறிய ஒரு கோடாவும் எழுதலாம், ரெண்டாப் பிரிச்சும் எழுதலாம், பிரிச்சா 9, 27 பைட். ட்ரீ சிட்டர் குடுக்கிற கொலம் பைட் கணக்கு. எடிட்டரும் லாங்குவேஜ் சேர்வரும் பேசிக்கிற எல்எஸ்பி புரோட்டகோல்ல சும்மா விட்டா யூடிஎஃப்-16 கணக்கு, 3.17 இலதான் எடிட்டரும் சேர்வரும் பேசி வேற கணக்கு வச்சிக்கலாம் என்டு வந்த. ரெண்டையும் குழப்பினா சிவப்புக் கோடு ஸ்ட்ரிங்க்கு அங்கால எங்கயோ போய் நிக்கும், இங்கிலீஷ் மட்டும் எழுதுற டீமுக்கு அது தெரியவே தெரியாது, டெஸ்ட் எல்லாம் பச்சையா ஓடும்.

வெள்ளவத்தை_அலை

நல்ல இடத்தில பிடிச்சீங்கள் நானா. தம்பிக்கு ஜாவா ஸ்ட்ரிங் எண்டபடியா இன்டெக்ஸ் யூடிஎஃப்-16 கணக்கிலதான் இருக்கும், எல்எஸ்பியோட தானாப் பொருந்தும். அகலத்த அதிலயே வச்சிரும், இன்டர்ஃபேஸின்ர டொக் கொமென்ட்ல அத வடிவா எழுதி வையும். லைன், கொலம் ரெண்டையும் நோட்டுக்குள்ள வைக்காதையும், லைன் தொடங்குற இடங்கள ஒரு அரேயில வச்சுக்கொண்டு கேக்கேக்க பைனரி சேர்ச் பண்ணினாச் சரி. ஃபோர்மட்டர் லைன் நீளம் பாத்து மடிக்கிறதெண்டா அதுக்கு இந்த மூண்டு கணக்கும் உதவாது, கண்ணுக்குத் தெரியிற எழுத்த எண்ணோணும், அது ட்ரீயின்ர வேலை இல்லை.

மழைக்கோட்

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இவ்வளவு கூத்து இல்லையே. ஈஎஸ்ட்ரீ என்டு ட்ரீ வடிவத்துக்கு ஒரு பொது விதி இருக்கு, மொசில்லா பார்சர் குடுத்த ஒப்ஜெக்ட் வடிவத்தில இருந்து வந்தது, மெதட்டே இல்லை, டைப் என்டு ஒரு ஸ்ட்ரிங்கும் ஃபீல்டுகளும் மட்டும். எஸ்ப்ரிமா, எகோர்ன் என்டு பார்சர் மாறினாலும் மேல ஓடுற டூலுக்குக் கவலை இல்லை. இன்டர்ஃபேஸ் என்டா மெதட் லிஸ்ட்தான் என்டு ஏன் யோசிக்கிறீங்க, டேட்டாவின்ர வடிவமே இன்டர்ஃபேஸா இருக்கலாமே.

அரைப்புள்ளி

முதல் போஸ்ட்டுக்கு இது எவ்வளவோ மேல் 🙂 ஓடிட் ரிப்போர்ட்டுக்கு அது நல்லாப் பொருந்தும், ட்ரீய ஜேசனா வெளிய குடுத்தா அவை பைதன்லயோ எதிலயோ எழுதிக்கொள்ளுவினம். ஆனா வடிவம் இன்டர்ஃபேஸ் ஆனா வடிவத்த மாத்தவே ஏலாது. பேபல் எண்ட ஜாவாஸ்கிரிப்ட் கம்பைலர் லிட்டரல (கோட்ல நேரா எழுதின மதிப்ப) ஸ்ட்ரிங்குக்கு வேற, நம்பருக்கு வேற எண்டு பிரிச்சது, ஈஎஸ்ட்ரீல எல்லாத்துக்கும் ஒரே லிட்டரல். அந்த ஒரு வித்தியாசத்துக்கு இண்டைக்கும் ரெண்டுக்கும் நடுவுல மாத்திக் குடுக்கிற கோட் தேவைப்படுது. கொமென்டும் அந்த ட்ரீக்குள்ள இல்லை, பார்சர் தனி லிஸ்டாத்தான் தரும்.

கொட்டாஞ்சேனைப்பெடியன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. விளங்கினத எழுதுறன், பிழை எண்டா சொல்லுங்கோ.

கட்டுற பக்கம்: தொடங்கு, டோக்கன், முடி, எரர், செக்பொயின்ட் எடு, செக்பொயின்ட்ல இருந்து தொடங்கு.

வாசிக்கிற பக்கம்: வகை, தொடக்கம், அகலம், பேரன்ட், சைல்டுகள், காணாமப் போனதா. டெக்ஸ்ட் வேணுமெண்டா தொடக்கமும் அகலமும் வச்சு மூலத்தில இருந்து வெட்டி எடுக்கலாம், தனி மெதட் வேண்டாம்.

மாத்துற மெதட் ஒண்டும் இல்லை, ஃபோர்மட்டர் ட்ரீயத் தொடாது, "இங்க இருந்து இங்க வரைக்கும் அழிச்சு இத எழுது" எண்டு லிஸ்ட் குடுக்கும், எடிட்டருக்கும் அதுதானே வேணும். இன்டர்பிரெட்டருக்கு பஸ் சொன்ன மாதிரி சீல்ட் ரெக்கோர்டுகள், டைப் போட்ட போர்வையில இருந்து ஒருக்கா மாத்திக் கட்டிக்கொள்ளும், பிரக்கெட்டும் கொமென்டும் அங்க வராது.

மிச்சம் ஒண்டு: அட்ரிபியூட். டைப் செக்கர் ஒவ்வொரு எக்ஸ்ப்ரெஷனுக்கும் டைப் கண்டுபிடிச்சா அத எங்க வைக்கிறது? நோட்டுக்குள்ள எழுதேலாது எண்டா ஒரு ஹேஷ்மெப்தானா?

100ஆம்_நம்பர்_பஸ்

மெப்தான், ஆனா ரெக்கோர்ட்ட கீயா வைக்கும்போது கவனம். ரெக்கோர்டுக்கு ஈக்குவல்ஸ் உள்ளுக்கு இருக்கிறத பாத்துத்தான், அதனால ஃபைல்ல ரெண்டு இடத்துல இருக்கிற "தொகை"ங்கிற பேர் ரெண்டும் ஒரே கீயாயிடும், ஒன்னுக்கு எழுதின டைப் மத்ததுக்கும் வந்திடும். ஐடென்டிட்டி ஹேஷ்மெப் (உள்ளுக்கு இருக்கிறத பாக்காம அதே ஒப்ஜெக்ட்டான்னு மட்டும் பாக்கிறது) பாவிங்க, இல்லன்னா ரெக்கோர்டுக்குள்ள இடத்தையும் ஒரு ஃபீல்டா வைங்க.

வெள்ளவத்தை_அலை

ஐடென்டிட்டி ரெக்கோர்டுக்குச் சரி, கீழ இருக்கிற ட்ரீக்குச் சரிவராது. வெளி நோட்ட ரூட்டில இருந்து திருப்பி உண்டாக்கினா அது வேற ஒப்ஜெக்ட். வகையும் தொடக்கமும் அகலமும் சேந்த ஒரு சின்னக் கீ செய்யும், ரஸ்ட் அனலைசர்லயும் வகையும் ரேஞ்சும் வச்சுத்தான் நோட்டத் திருப்பிக் கண்டுபிடிக்கினம். ஃபைல் மாறின உடன அந்தக் கீ எல்லாம் செல்லாது, மெப்ப முழுக்க எறிஞ்சிட்டு திருப்பிக் கட்டும், உங்கட ரூல் ஃபைல் சைஸுக்கு அது ஒரு கண் சிமிட்டுற நேரமும் எடுக்காது.

தெமட்டகொட_நைட்ஷிஃப்ட்

அகலம் 0 டோக்கன் ரெண்டு பக்கத்தில பக்கத்தில வந்தா அந்தக் கீயும் ஒன்டாப் போகுமே அக்கா. ஒரே வகை, ஒரே தொடக்கம், ரெண்டும் 0.

வெள்ளவத்தை_அலை

போகும். ரூட்டில இருந்து அந்த நோட் வரைக்கும் ஒவ்வொரு படியிலயும் எத்தனையாவது சைல்ட் எண்டதையும் கீயில சேத்துக்கொள்ளும் தம்பி.